கைவேலை வழியே கடல் வரலாறு: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம்



நம் மஹல்லாவில் பள்ளிக்கூடம் செல்லாமல் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹிஃப்ழு முடிப்பதற்காக இரண்டு மூன்று ஆண்டுகள் பள்ளியை நிறுத்தியவர்கள், உடல்நலக் குறைவால் நின்றவர்கள், வாப்பா வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் ஊர் மாறி ஊர் வந்தவர்கள், பெற்றோரே விரும்பி வீட்டுக் கல்வி கொடுப்பவர்கள் என்று பல வகையினர். இவர்களுடைய பெற்றோரிடம் பேசும்போது கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் டியூஷன் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். வரலாறு என்று கேட்டால் மட்டும், "அதைப் பரீட்சைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வருகிறது.

நாம் கற்றுக்கொடுக்காவிட்டால் பிள்ளை வரலாறே தெரியாமல் இருந்துவிடாது. செல்போனில் வரும் இரண்டு நிமிடப் படங்களிலிருந்து அது வரலாறு கற்றுக்கொள்ளும். அவற்றில் ஒரு வகை, இந்நாட்டு முஸ்லிம்கள் அனைவரும் எங்கிருந்தோ வாளோடு வந்தவர்கள் என்று சொல்கிறது. இன்னொரு வகை, நம்மைத் தவிர எல்லோருமே நமக்குப் பகைவர்கள் என்று சொல்கிறது. இரண்டுமே பொய். பத்து, பன்னிரண்டு வயதில் மனத்தில் இறங்கும் பொய்யைப் பிறகு எடுப்பது கடினம்.

ஆகவே இந்த இதழில், ஐரோப்பியர்கள் நம் கடற்கரைக்கு வந்த முதல் நூற்றைம்பது ஆண்டுகளின் வரலாற்றை வீட்டில் கைவேலைகள் வழியாகக் கற்பிக்கும் முறையை விளக்குகிறோம். தமிழ்நாடு அரசின் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் வரலாற்றின் முதல் பாடமே "ஐரோப்பியர்களின் வருகை"தான். நாளை பிள்ளை பள்ளிக்குத் திரும்பினாலும், தனித்தேர்வராகவோ தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ தேர்வெழுதினாலும் இந்தப் பாடம் அதற்குத் தேவைப்படும்.

ஏன் கைவேலை?

ஹிஃப்ழு செய்யும் பிள்ளையின் நாளைப் பாருங்கள். சுபுஹுக்கு முன் எழுந்து, புதிய பாடம் ஒப்புவித்து, பழைய பாடம் திருப்பி ஓதி, மாலைக்குள் அதன் நினைவாற்றல் களைத்துப் போயிருக்கும். அந்த நேரத்தில் "வாஸ்கோடகாமா 1498, ஆல்புகர்க் 1509" என்று இன்னொரு மனப்பாடத்தைத் திணித்தால் அது நிற்காது. அப்போது கைகளும் கண்களும் ஓய்ந்துதான் இருக்கின்றன. அவற்றுக்கு வேலை கொடுத்தால் பிள்ளை உற்சாகமாக உட்காரும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அட்டையில் கப்பல் செய்து, வண்ணம் தீட்டி, படம் பிடித்து உறவினர்களுக்கு அனுப்புவதோடு நின்றால் அது வெறும் கைவினை. செய்த பொருள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கீழே சொல்லும் நான்கு வேலைகளும் நான்கு கேள்விகளுக்கு உரியவை. அவர்கள் எதைத் தேடி வந்தார்கள்? அவர்கள் வருவதற்கு முன் கடல் எப்படி இருந்தது? வணிகம் எப்படிக் கைமாறியது? நெசவாளிக்கு என்ன ஆயிற்று? வாரத்துக்கு இரண்டு நாள், அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம்.

முதல் வேலை: அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு வரைபடம்

ஒரு பழைய வெள்ளை வேட்டியை அல்லது இரண்டு சார்ட் தாளை விரித்து, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து இந்தோனேசியா வரை இந்தியப் பெருங்கடலைப் பிள்ளையே வரையட்டும். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அடுப்படியிலிருந்து மிளகு, இலவங்கப்பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் நான்கையும் எடுத்து வாருங்கள். மிளகை மலபார்க் கரையில் ஒட்ட வேண்டும். பட்டையை இலங்கையில். கிராம்பை இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். ஜாதிக்காயை அதற்குத் தெற்கே பண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக் கூட்டத்தில். அந்தக் காலத்தில் ஜாதிக்காய் அந்தத் தீவுகளில் மட்டுமே விளைந்தது.

பிரியாணிக்குப் போடும் சாமான்களுக்காகவா இத்தனை போர் என்று பிள்ளை கேட்கும். அதுவே நமக்கு வேண்டிய கேள்வி. 1498 மே மாதம் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு அருகே காப்பாட்டில் வந்து சேர்ந்தது மிளகுக்காக. 1621-இல் டச்சுக் கம்பெனி பண்டா தீவு மக்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றும் அடிமைகளாக்கியும் அந்தத் தீவுகளைக் கைப்பற்றியது ஜாதிக்காய்க்காக.

வரைபடத்தில் அடுத்து துறைமுகங்களைக் குறியுங்கள். மலபாரில் கோழிக்கோடு, கொச்சி, பொன்னானி. நம் பக்கம் காயல்பட்டினம், கீழக்கரை, நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை, பழவேற்காடு. கிழக்கே மலாக்கா. மேற்கே ஏடன், ஹுர்முஸ், ஜித்தா. பிறகு சிவப்பு நூலால் ஐரோப்பியர் பிடித்த இடங்களை ஆண்டோடு கட்டட்டும். போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தது 1510, மலாக்கா 1511. டச்சுக்காரர் பழவேற்காட்டில் ஹெல்திரியா கோட்டை கட்டியது 1613. டேனிஷ்காரர் தரங்கம்பாடிக்கு வந்தது 1620. ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றது 1639. டச்சுக்காரர் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்தது 1658. நூல் கட்டி முடித்ததும் பிள்ளைக்கு ஒன்று புரியும். இந்த நூற்றைம்பது ஆண்டில் அவர்கள் பிடித்தவற்றில் பெரும்பாலானவை துறைமுகங்களும் தீவுகளுமே. இந்தியாவின் உள்நாடு அப்போது நம் அரசர்கள் கையில்தான் இருந்தது.

இரண்டாம் வேலை: இராப்பலகை

"இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர்" என்று பாடநூல்கள் வாஸ்கோடகாமாவைச் சொல்கின்றன. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும் வழியை முதலில் முடித்தவர் என்ற பொருளில் அது சரி. ஆனால் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கோழிக்கோட்டுக்கு வரும் வழி அதற்கு நூற்றாண்டுகள் முன்பே தெரிந்த வழி. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியில் ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டுதான் அவர் அரபிக்கடலைக் கடந்தார். அந்த வழிகாட்டிகளின் கைக்கருவியைப் பிள்ளையே செய்யலாம். அரபு மாலுமிகள் அதைக் கமால் என்றார்கள். தமிழ்க் கடலோடிகள் இராப்பலகை என்றார்கள்.

தடித்த அட்டையில் சரியாக 7 சென்டிமீட்டர் உயரமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டு ஒன்றை வெட்டுங்கள். நடுவில் துளையிட்டு, முறுக்கான நூல் ஒன்றைக் கோத்துப் பின்பக்கம் முடிச்சிடுங்கள். அட்டையிலிருந்து அளந்து நூலில் முடிச்சுகள் போட வேண்டும். பழவேற்காட்டுக்கு 29.5 செ.மீ., பரங்கிப்பேட்டைக்கு 34.5, நாகூருக்கு 36.5, கீழக்கரைக்கு 43, காயல்பட்டினத்துக்கு 46.5, கன்னியாகுமரிக்கு 49.5. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, நூல் விறைப்பாக நிற்கும்படி அட்டையை நீட்டிப் பிடிக்க வேண்டும். அட்டையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் ஒரே நேரத்தில் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய ஊருக்கு நேராக இருக்கிறோம் என்று பொருள். வடக்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் உயரும். ஆகவே அட்டையைக் கண்ணுக்கு அருகே கொண்டுவர வேண்டும். அதனால்தான் பழவேற்காட்டு முடிச்சு அட்டைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது.

நம் ஊர்களில் துருவ நட்சத்திரம் தாழ்வாகவே தெரியும். கட்டடங்களும் புகைமூட்டமும் மறைத்துவிடலாம். ஆகவே முதலில் வீட்டுக்குள்ளேயே விளையாடிப் பார்க்கலாம். சுவரில் பிள்ளையின் கண் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் அடிவானம். கோட்டுக்கு மேலே 43, 57, 72 செ.மீ. உயரங்களில் ஏதாவது ஒன்றில் தாள் நட்சத்திரம் ஒன்றை ஒட்டுங்கள். சுவரிலிருந்து சரியாக 3 மீட்டர் தள்ளி நின்று பிள்ளை அளக்கட்டும். 43 என்றால் கன்னியாகுமரி முடிச்சும், 57 என்றால் நாகூர் முடிச்சும், 72 என்றால் பழவேற்காட்டு முடிச்சும் பொருந்தும். எந்த ஊர் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். பழகிய பிறகு, பெரியவர்கள் துணையோடு வடக்கே அடிவானம் மறைவில்லாமல் தெரியும் கடற்கரையில் முயன்று பார்க்கலாம்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு. நாகூர் முடிச்சு ஒரு சென்டிமீட்டர் தவறினால் கப்பல் சுமார் 30 கிலோமீட்டர் பிசகிப் போகும். ஒரு நூலின் முடிச்சுக்குப் பின்னால் எவ்வளவு கவனமும் கணிதமும் இருந்தன என்பது அப்போது விளங்கும்.

இங்கே இன்னொரு பாடமும் உண்டு. வாஸ்கோடகாமாவுக்கு வழிகாட்டியவர் புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜித் என்று நம் மேடைகளில் பெருமையாகச் சொல்வதுண்டு. இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் ஒருவர் அந்த வழிகாட்டியைக் குஜராத்தி என்கிறார். "இதை யார் சொன்னார், எப்போது சொன்னார், நேரில் பார்த்தவரா?" என்று கேட்கும் பழக்கம் ஹதீஸ் கலை படித்த சமுதாயத்துக்குப் புதிதல்ல. நமக்குப் பெருமை தரும் செய்தியாக இருந்தாலும் அதையும் அப்படி விசாரிக்க வேண்டும் என்பதைப் பிள்ளை இந்த இடத்தில் கற்றுக்கொள்ளட்டும்.

மூன்றாம் வேலை: கடலுக்கு ஒரு சீட்டு

போர்த்துகீசியர் கொண்டுவந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் பிள்ளைகள் பீரங்கி என்பார்கள். பீரங்கியோடு சேர்ந்து வந்தது ஒரு தாள். அதன் பெயர் கர்தாஸ். தாளைக் குறிக்கும் கிர்தாஸ் என்ற அரபுச் சொல்லிலிருந்து இது வந்தது என்பர். ஓதும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பழக்கமானது.

இந்தியப் பெருங்கடலில் செல்லும் எந்த வணிகக் கப்பலும் போர்த்துகீசியரிடம் காசு கட்டி இந்தச் சீட்டை வாங்க வேண்டும். தலைவன் பெயர், கப்பலின் அளவு, ஆட்கள், ஆயுதங்கள், எங்கிருந்து எங்கே போகிறது என்பவை அதில் எழுதப்படும். மிளகு போன்ற சில பொருள்களை ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். அவர்களுடைய கோட்டைத் துறைமுகத்தில் நின்று சுங்கம் கட்டிவிட்டுப் போக வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துச் சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். ஹஜ்ஜுப் பயணிகளின் கப்பலுக்கும் இதே விதிதான். பேரரசர் அக்பருடைய அத்தை குல்பதன் பேகம் 1575-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது, அந்தச் சீட்டுக்காகச் சூரத்தில் நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது. உள்நாட்டில் அத்தனை பெரிய பேரரசர், கடலில் இறங்க ஒரு தாளுக்குக் காத்திருந்தார் என்றால் பிள்ளைகளுக்கு நிலைமை உடனே விளங்கும்.

இதை விளையாட்டாக நடத்த நான்கு பேர் போதும். இருவர் வணிகர்கள், ஒருவர் துறைமுகத்து அரசரின் அதிகாரி, ஒருவர் பீரங்கிக் கப்பல் தலைவர். ஒவ்வொரு வணிகருக்கும் இருபது புளியங்கொட்டை காசாகக் கொடுங்கள். முதல் சுற்றில் கப்பல் தலைவர் சும்மா இருப்பார். வணிகர் ஐந்து கொட்டைக்கு மிளகு வாங்கி, அடுத்த அறையில் உள்ள ஜித்தாவில் பத்துக் கொட்டைக்கு விற்று, திரும்பியதும் அதிகாரிக்கு ஒரு கொட்டை வரி கட்டட்டும். மூன்று பயணம் போய்க் கணக்குப் பாருங்கள்.

இரண்டாம் சுற்றில் கப்பல் தலைவர் நடைவாசலில் உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு பயணத்துக்கும் சீட்டுக்கு இரண்டு கொட்டை, சுங்கம் இரண்டு கொட்டை. மிளகு ஏற்றக் கூடாது. குறைந்த லாபமுள்ள அரிசியை மட்டுமே ஏற்றலாம். அதை ஐந்துக்கு வாங்கி ஏழுக்கு விற்கலாம். சீட்டில்லாமல் பிடிபட்டால் சரக்கு முழுவதும் போயிற்று. மூன்று பயணம் முடித்து மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். கடுமையாக உழைத்தும் கையில் இருந்தது குறைந்திருக்கும். "இவர் எதையும் விளைவிக்கவில்லையே, எதையும் சுமக்கவில்லையே, இவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று ஒரு பிள்ளையாவது கோபப்படும். அந்தக் கோபம் வந்த பிறகு ஏகபோகம் என்ற சொல்லைச் சொல்லிக்கொடுங்கள். அதற்கு முன் சொன்னால் அது வெறும் பரீட்சைச் சொல்.

சீட்டைப் பிள்ளைகளே தயாரிக்கட்டும். தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த தாளில் எழுதினால் பழைய ஆவணம்போல் இருக்கும். வணிகர் தம் கணக்கை அரபுத் தமிழில் எழுதட்டும். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் புள்ளிகள் சேர்க்கப்பட்டன. ஹிஃப்ழுப் பிள்ளைகளுக்கு அரபு எழுத்து கைவசம் இருப்பதால் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் மூத்தவர்கள் யாருக்காவது அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்தால் அவர்களை ஆசிரியராக்குங்கள். தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நான்காம் வேலை: கைலியும் கறுப்பு மையும்

நம் வீடுகளில் உடுத்தும் கட்டம்போட்ட கைலியை மலாய் மொழியில் "காயின் பெலிக்காட்" என்பார்கள். காயின் என்றால் துணி, பெலிக்காட் என்றால் பழவேற்காடு. சோழமண்டலக் கரையின் துணி அந்த அளவுக்குக் கடல் கடந்து புகழ்பெற்றிருந்தது. மலுக்குத் தீவுகளில் கிராம்பு வாங்க வெள்ளியைவிட நம் துணி நன்றாகச் செல்லுபடியானது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பழவேற்காட்டுக்கும் சென்னைக்கும் வந்ததற்கு இந்தத் துணி முக்கியக் காரணம்.

அட்டையின் மேலும் கீழும் அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டுகள் போட்டு, நூலைச் சுற்றினால் பாவு தயார். தடித்த ஊசியில் வேறு நிற நூலைக் கோத்து, ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாக ஓட்டினால் ஊடை. பாவிலும் ஊடையிலும் நான்கு நூலுக்கு ஒருமுறை நிறம் மாற்றினால் கட்டம் வரும். உள்ளங்கை அளவு துணி நெய்யவே ஒரு மாலைப் பொழுது ஓடிவிடும். ஒரு கைலிக்கு எவ்வளவு உழைப்பு என்று அப்போது கேளுங்கள்.

சாயத்துக்குக் கலம்காரிக் கைவினைஞர்களின் கறுப்பு மையை வீட்டிலேயே செய்யலாம். துருப்பிடித்த ஆணிகள் ஒரு கைப்பிடி, வெல்லம் ஒரு கட்டி, தண்ணீர் ஆகியவற்றை மண் கலயத்தில் போட்டுத் துணியால் வாய்கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்து வடிகட்டுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடி கரைத்த பாலில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் காயவைத்தால் இளமஞ்சளாக வரும். அதன்மேல் மூங்கில் குச்சியால் அந்த நீரைத் தொட்டு எழுதினால் கண்ணெதிரே கறுப்பாகும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் உண்டாகும் கறுப்பு அது. பழைய உடுப்புப் போட்டுக்கொண்டு பெரியவர் முன்னிலையில் செய்ய வேண்டும். யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது.

நெய்த துண்டுகளை வைத்து ஒரு சந்தை நடத்துங்கள். முதலில் டச்சு, ஆங்கிலேய, டேனிஷ், உள்ளூர் வணிகர் என நான்கு பேர் விலை கேட்கட்டும். நெசவாளி யார் அதிகம் தருகிறாரோ அவருக்கு விற்பார். பதினேழாம் நூற்றாண்டில் நம் கரையில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. பிறகு மூவரை எழுப்பிவிட்டு, ஒருவரை மட்டும் உட்காரவைத்து, "இவரிடம்தான் விற்க வேண்டும், முன்பணம் வாங்கியாகிவிட்டது, விலையும் அவர் சொல்வதுதான்" என்று சொல்லுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கம்பெனி ஆட்சி அதிகாரம் பெற்ற பிறகு நெசவாளிக்கு நேர்ந்தது இது. வாங்க ஒருவரே இருந்தால் விற்பவர் அடிமையாகிறார் என்பதைப் பிள்ளை தன் கைத்துணியை வைத்தே புரிந்துகொள்ளும்.

வேதனையான செய்திகளை எப்படிச் சொல்வது?

1502-இல் வாஸ்கோடகாமா இரண்டாம் முறை வந்தபோது, மக்காவிலிருந்து பயணிகளோடு திரும்பிய மீரி என்ற கப்பலைப் பிடித்துக் கொளுத்தினார். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். போர்த்துகீசியர் தரப்பில் உடன் வந்தவர்களே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். 1510-இல் கோழிக்கோட்டின் மிஸ்கால் பள்ளிவாசல் தீவைக்கப்பட்டது. அந்தப் பள்ளிவாசல் இன்றும் தொழுகை நடக்கும் இடமாக நிற்கிறது.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு "பயணிகள் கப்பலை அநியாயமாக அழித்தார்கள்" என்ற அளவு போதும். பன்னிரண்டு வயதுக்கு மேல் முழுவதையும் சொல்லலாம். மறைக்க வேண்டாம். ஆனால் இதைக் கைவேலையாக்க வேண்டாம். எரியும் கப்பல் மாதிரி செய்வதோ, சண்டை நாடகம் போடுவதோ இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வரைபடத்தில் ஒரு கறுப்பு நூல் கட்டி, ஆண்டை எழுதி, அமைதியாகப் பேசினால் போதும்.

இதைச் சொல்லும்போதே அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். இது இரண்டு மதங்களின் போராக இருந்ததில்லை. கோழிக்கோட்டு முஸ்லிம்களுக்குத் துணை நின்றவர் சாமூத்திரி என்ற இந்து அரசர். அவருடைய கடற்படைத் தலைவர்கள்தாம் குஞ்ஞாலி மரைக்காயர்கள். கொச்சி அரசரோ போர்த்துகீசியரோடு சேர்ந்தார். கடைசியில், தன்னையே அரசர்போல் நடத்திக்கொள்கிறார் என்று நான்காம் குஞ்ஞாலியோடு பகைத்த சாமூத்திரியும் போர்த்துகீசியரோடு கைகோத்தார். 1600-இல் சரணடைந்த குஞ்ஞாலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நம் முத்துக்குளிக்கும் கரையில் மரைக்காயர்களுக்கும் பரதவர்களுக்கும் மூண்ட பகையில்தான் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கரானார்கள். அண்டை வீட்டுச் சண்டையில் தூரத்திலிருந்து வந்தவர் லாபம் பார்த்த கதை அது. நம் பக்கத்துத் தவறையும் அதில் சேர்த்தே சொல்ல வேண்டும். போர்த்துகீசியரின் கட்டாயத்தை மலபாரின் பழைய சிரியன் கிறிஸ்தவர்களும் எதிர்த்தார்கள். 1653-இல் மட்டாஞ்சேரியில் ஒன்றுகூடி, அவர்களுடைய பாதிரிமாருக்குப் பணிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள்.

பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அந்த நூற்றாண்டிலேயே அரபியில் எழுதிய "துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்" இந்தக் காலத்தைச் சொல்லும் முக்கிய நூல். போர்த்துகீசியரின் கொடுமைகளைப் பதிவு செய்த அதே நூல், முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்துக் காத்த மலபார் மக்களின் நல்ல குணத்தையும் பதிவு செய்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்ற கட்டளையோடு வரலாறு எழுதியவர் அவர். நம் பிள்ளைகளுக்கு அவரே முன்மாதிரி.

அதேபோல் வணிகர்களாக நாம் முற்றிலும் அழிந்துபோனோம் என்ற புலம்பலும் வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையின் பெரியதம்பி மரைக்காயர், அதாவது நம் வள்ளல் சீதக்காதி, டச்சுக்காரரோடு பேரம் பேசும் அளவுக்குப் பெரிய வணிகராக இருந்தார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவரும் அவர்தாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு வேலை முடிந்ததும் பிள்ளை ஒரு நோட்டில் மூன்று பத்தி எழுத வேண்டும். என்ன செய்தேன், எந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது, இன்னும் எனக்குப் புரியாதது எது. இந்த நோட்டு பின்னர் தேர்வுக்கும் உதவும். நோட்டு எழுதிய பிறகு எட்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். ஆண்டுகளும் பெயர்களும் தாமாகவே இடம்பிடித்துக்கொள்ளும்.

ஆண், பெண் பிள்ளைகள் இருவருக்கும் இதைக் கொடுங்கள். அண்ணன் இராப்பலகை செய்யட்டும், தங்கச்சி நெய்யட்டும் என்று பிரிக்க வேண்டாம். நட்சத்திரக் கணக்கு பெண் பிள்ளைக்கும் வேண்டும், நெசவின் அருமை ஆண் பிள்ளைக்கும் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சந்தை விளையாட்டுக்குக் கூப்பிடுங்கள். அந்தக் கால நம் துறைமுகச் சந்தையும் அப்படித்தான் இருந்தது.

விடுமுறையில் பயணம் போகும்போது பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டம், தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை, சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், கேரளத்தில் வடகரை அருகே இரிங்ஙல் ஊரில் குஞ்ஞாலி மரைக்காயர் நினைவகம் ஆகியவற்றில் ஒன்றையாவது காட்டுங்கள். கையால் செய்து பார்த்த பிள்ளை அங்கே நின்று கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளை இடையில் படிப்பை விட்டிருந்தாலும், அதை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதினான்கு வயது நிறைந்தவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வை எழுதலாம். ஹாஃபிழ் பட்டம் பெற்ற பிள்ளை படிப்பில் பின்தங்கியவன் என்ற பேச்சுக்கு இடம் வைக்காதீர்கள். வழிகாட்டல் தேவைப்படும் பெற்றோர்கள், வீட்டில் பழைய கப்பல் கணக்குப் புத்தகங்களும் அரபுத் தமிழ் ஏடுகளும் வைத்திருப்பவர்கள் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவை நம் பிள்ளைகளின் பாடநூல்கள். இன்ஷா அல்லாஹ், இணைந்து கற்பிப்போம்.